பொட்டு வைத்த இரண்டு டிஸ்க்குகள்

அந்த விஜயதசமி காலையில் ஸ்டுடியோவில் இருந்தது மூன்று பேர்: முதலாளி பாய், ஆல்பம் செய்கிற அக்கா, நான். நான்காவதாக ஒருவர் இருந்திருந்தால் பழியில் கொஞ்சம் அவர் தலையிலும் போட்டிருப்பேன். அதனால்தான் எண்ணிச் சொல்கிறேன்.

பூந்தமல்லியில் கல்யாணப் படம் எடுக்கிற கடை. நான் ஒன்பதாவதோடு நின்றவன்; கம்ப்யூட்டரைத் தொட்டுத் தொட்டே கற்றேன். படங்கள் சேருகிற கம்ப்யூட்டருக்கு அட்மின் பாஸ்வேர்டு என்னிடம்தான். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் அது செய்துவிடும்.

முந்தின நாள் ஆயுத பூஜை. பாய் ஐந்து வேளை தொழுகிறவர். ஆனாலும் பொரியும் பூசணிக்காயும் அவர்தான் வாங்கி வருவார். கேமராக்களோடு இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாள் அக்கா. இரண்டும் ஒரே கறுப்பு. மார்க்கரில் எழுதியிருந்த ‘பழசு’, ‘புதுசு’ துணியோடு போய்விட்டது.

காலையில் திரும்பச் செருகியது நான். செருகுகிற வரிசையில் பி, சி என்று கம்ப்யூட்டரே பெயர் வைத்துக்கொள்ளும். என் கைக்கு ‘சி’ என்றால் பழசு. சீசனுக்கு முன் காலி செய்ய வேண்டியது.

“இன்னாடா, நல்ல நாளும் அதுவுமா காலி பண்றதா மொத வேல?” என்றாள் அக்கா. “கடப் பூட்டயே மூணு தபா இஸ்து பாப்ப. இன்னிக்கி இன்னா அவசரம்?”

“மத்தியானம் ஷூட்டிங் கீதுல்ல. அவன உடு,” என்றார் பாய்.

இதில் ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, தொடரவா என்று திரை கேட்டது. பழசிலும் ஏதாவது இருக்கும், எப்போதும் கேட்கும். எப்போதும் போல ‘ஒய்’ அழுத்தினேன். சில நொடிதான். அன்று செருகிய வரிசை மாறியிருந்தது; காலியானது புதுசு.

சேக்காட்டுக் கல்யாணம் ஒன்று அந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. ஆல்பம் இன்னும் கொடுக்கவில்லை.

மீட்டுத் தருகிற இடத்துக்கு அனுப்பினோம். பாதிப் படங்கள் வந்தன, வந்தவையும் பாதிதான். சேக்காட்டு குவார்ட்டர்ஸிலிருந்து கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெற்றிச்சுட்டி, கண், மூக்கு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

“தாலி ஏறுற படம் கழுத்துக்குக் கீழ வரலையா தம்பி?”

அவர் திட்டியிருக்கலாம்.

இப்போது டிஸ்க்கின் அளவைப் பார்க்கிறேன். உள்ளே என்ன என்று திறந்து பார்க்கிறேன். அடித்த வரியை அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டி, கையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு விட்டு, அப்புறம்தான் எண்டர். இருந்தாலும் எந்த மண்டபத்தில் பெண்ணை மேடைக்கு அழைத்து வந்தாலும், மாலைக்கு மேலே முகம் தெரிகிறது, கீழே சாம்பல்.

மீட்ட கூலி நாற்பத்தைந்தாயிரத்தை பாய் கட்டினார். “மாசம் ஆயிரத்தைநூறு குடு, போதும். மூஞ்ச அப்டி வச்சிக்காத,” என்றார்.

இன்னும் இருபத்தோராயிரம் பாக்கி.