மண்ணெண்ணெய் டின்னும் ஓடை மீனும்

சென்ற சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து, எங்கள் ஊரான இன்செயினில் ரயிலை விட்டு இறங்கினேன். கோட்டு, சப்பாத்து எல்லாவற்றோடும் நேரே ஓடைக்குள் இறங்கினேன்!

குடிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்காதீர்கள். இல்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை அது. இதுவரை அதைப் பற்றி எழுதியதில்லை. எழுத என்ன இருக்கிறது? அடியில் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். கரையோரம் மரவேர்கள். அந்த வேர் நிழலில் விரற்கணு நீளத்துக்குச் சின்னச் சின்ன மீன்கள் — ஓட்டத்தை எதிர்த்துக் கூட்டமாக நிற்கும். வெயில் பட்டால் ஊதாவும் ரோஜா நிறமுமாக ஒரு மினுக்கு. பெயர்? பக்கத்து வீட்டு பர்மியப் பெரியம்மா டோ மியாவைக் கேட்டேன். “ங்கா-லே” என்றார். குட்டி மீன்... அவ்வளவுதான். விற்கவும் முடியாது, குழம்புக்கும் ஆகாது. அதற்கெல்லாம் பெயர் வைக்க யாருக்கு நேரம்?

அன்று பாலத்துக்குக் கீழ்ப்புறம் அந்த மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. தண்ணீரெல்லாம் மண்ணெண்ணெய். மேல்புறத்தில் ஊற்றுவதற்கு இரண்டு கூலியாட்கள் அடுத்த டின்னைத் திறந்துகொண்டிருந்தார்கள். டோ மியா கரையில் நின்று, ஊற்றாதே, ஊற்றாதே என்று பர்மியில் கத்திக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் இறங்கியது.

ஆட்களை ஏவியவர் கொசு ஒழிப்பு இன்ஸ்பெக்டர் அருளப்பன். நம்மவர்தான். மாதா கோயிலில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிறவர்.

“அண்ணே, மேல ஏறுங்க. இது மேலிடத்து ஆர்டர்.”

“ஓடுற தண்ணியில ஏதுப்பா கொசு? அங்கங்க இருக்கிற கூத்தாடிப் புழுவையும் இந்த மீனு தின்னுடுதே!”

“போன மழையில உங்க மகளுக்குத்தானே குளிர்க்காய்ச்சல்? மறந்துட்டீங்களா?”

சுருக்கென்றது. மறப்பேனா? கட்டில் ஆட ஆட அவள் நடுங்கியதை எந்த அப்பன் மறப்பான்?

“மறக்கல. அதனாலதான் சொல்றேன். சூளைக்காரர் செங்கல்லுக்குத் தோண்டிப்போட்ட குழியில தண்ணி பச்சையா தேங்கி நிக்குது. கொசு அங்கதான் முட்டை போடுது. அங்க ஊத்து. டின்னை நானே தூக்கிட்டு வர்றேன்.”

அருளப்பன் சூளைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரல் தாழ்ந்தது.

“அது பெரிய மனுஷர் நிலம்ணே... அங்க ஊத்த ஆர்டர் இல்ல.”

கேட்டீர்களா? செல்வாக்குள்ளவர் குழியில் பிறந்த கொசுவுக்கு உயிர் உத்தரவாதம். கேட்க ஆளில்லாத மீனுக்கு மண்ணெண்ணெய்!

நான் நகரவில்லை. டோ மியா லுங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஊற்றுவதானால் நம் தலையில் ஊற்றட்டும், ஸயா.”

பர்மியில்தான் சொன்னார்; ஸயா என்றால் ஐயா. அருளப்பனுக்கு நன்றாகவே புரிந்தது. கூலியாட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டின்னைக் கீழே வைத்தார்கள்.

“அடுத்த சனிக்கிழமை போலீசோட வருவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார் அருளப்பன்.

செய்தி எப்படித்தான் பறக்குமோ... செவ்வாயன்று ஆபீசில் பெரிய கிளார்க் கூப்பிட்டார். “பொடி மீனுக்காக வேலையை விடப் போறீரா?”

வீட்டில் சொன்னேன். என் மனைவி, “கோட்டை மட்டும் கழட்டி வச்சிட்டுப் போங்க. அந்த நாத்தம் துவைச்சுத் தீரல” என்றாள்.

நாளை சனிக்கிழமை. நானும் டோ மியாவும் பாலத்துக்கு மேல்புறம்தான் நிற்போம். தண்ணீர் முழங்கால் ஆழம்தான்... இடம் நிறைய இருக்கிறது.