தெயோலிந்தா போட்ட மூன்றாவது கையெழுத்து

தெயோலிந்தாவின் கையில் பேனா கிடைத்தால் அவ்வளவுதான், கோடு போட்ட இடத்தைப் பார்த்ததும் கையெழுத்தைப் போட்டுவிடுவாள். ஹாம்பர்க் துறைமுகத்தில் பயணிகள் படகில் அவளுக்கு வேலை. படகு துறையை நெருங்கும்போது கரையிலிருக்கும் இரும்பு முளையில் கயிற்றை ஒரே வீச்சில் மாட்டிவிடுவாள். பயணிகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அந்த வேகம் படகுக்குச் சரி. வாடகை வீட்டுக்கு ஆகுமா?

போர்ச்சுகலில் செத்தூபல் அவளுக்குச் சொந்த ஊர். புருஷன் என்று ஒருவன் இருந்தான், மகள் பெனெடிட்டா பிறந்த வருஷமே கப்பலேறிப் போனான், அவன் கதை நமக்கு எதற்கு? மகளை அக்கா எர்மீனியாவிடம் விட்டுவிட்டு, வீடு பிடித்ததும் கூட்டிக்கொள்கிறேன் என்று வடக்கே வந்தவள் தெயோலிந்தா. வந்த சூட்டோடு ஒரு வீட்டைப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரிந்தது. உடனே கையெழுத்து! அந்த ஜன்னலைத் திரும்ப மூட முடியாது என்பதும், அறையைச் சூடாக்கும் கருவி செத்து வருஷக்கணக்காகிறது என்பதும், பழுது பார்ப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்று அவள் கையெழுத்துக்கு மேலேயே எழுதியிருக்கிறது என்பதும் குளிர் வந்த பிறகுதான் தெரிந்தது. கோட்டும் காலுறையும் போட்டுக்கொண்டு தூங்கினாள். இளைப்பு வாங்கும் குழந்தையை அங்கே எப்படிக் கூட்டிவருவது?

இரண்டாவது வீடு இதற்கும் மேலே. வாடகைக்கு விட்டவனே ஒரு வாடகைக்காரன். உள்வாடகைக்கு விட அவனுக்கு அனுமதி கிடையாது. "உன் பேரை வாசல் மணியில எழுதக்கூடாது, இந்த முகவரியில பதிவும் பண்ணக்கூடாது" என்றான். இவளும் தலையை ஆட்டினாள். நகர அலுவலகத்தில் முகவரி பதிவு இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? ஒருநாள் நிஜமான வீட்டுக்காரர் வந்து நின்றார். அன்றைக்குச் சாயங்காலமே பெட்டியும் கையுமாக, கூட வேலை பார்க்கும் யாஸ்னா வீட்டு வாசலில் நின்றாள் தெயோலிந்தா.

இரண்டு தடவையும் அங்கே செத்தூபலில் பெனெடிட்டா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அவிழ்த்தாள். இப்போது ஒன்பது வயது. மூன்றாவது வீட்டைப் பற்றிப் போனில் ஆரம்பித்ததும் குழந்தை பெரிய மனுஷி மாதிரி குறுக்கே வந்தது.

"நான் பெட்டி கட்ட மாட்டேன். பெரியம்மாவோட சனி ஞாயிறு சும்மா பாக்க வரேன். நல்லா இல்லேன்னா ஞாயித்துக்கிழமை பெரியம்மாகூடயே திரும்பிப் போயிடுவேன். ரெண்டு பேருக்கும் திரும்பற டிக்கெட்டும் சேத்துத்தான் போடச் சொல்லியிருக்கேன்."

இந்தத் தடவை வீடு சொதப்பினால் மகள் இனிமேல் வரவே மாட்டாள். அது தெயோலிந்தாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

அதனால்தான் வீடு பார்க்கப் போகும்போது யாஸ்னாவையும் இழுத்துக்கொண்டு போனாள். யாஸ்னா அதே படகை ஓட்டுகிறவள், குரோஷியாக்காரி, ஹாம்பர்க்கில் பாதி ஆயுசைக் கழித்தவள், வாயைத் திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். தெருவிலேயே கையை நீட்டினாள்.

"பேனாவைக் குடு."

"எதுக்குடி?"

"குடுன்னா குடு. காதுல சொருகி வச்சிருக்கியே, அதையும் குடு. இன்னிக்கு நீ வாயால பேசு, கையால ஒண்ணும் பண்ணாத."

மாடிப்படி முழுக்கக் கூட்டம். ஆளாளுக்கு ஒரு கோப்பு, முகத்தில் கல்யாணத்துக்கு வந்த சிரிப்பு. வீட்டுக்காரர் லூடமான் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கதவோரம் நின்று வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் "ஆஹா, என்ன வெளிச்சம்! என்ன அழகு!" என்று உருகிவிட்டுப் போனார்கள். யாஸ்னா உள்ளே நுழைந்ததும் நேரே ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். சூடேற்றியைத் திருகிக் கையை வைத்துப் பார்த்தாள். குளியலறைக் குழாயை ஓடவிட்டு, அலமாரிக்குப் பின்னால் மூக்கை நுழைத்துப் பூஞ்சை வாடை வருகிறதா என்று முகர்ந்தாள்.

தெயோலிந்தாவோ சமையலறை வாசலில் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டாள். அடேங்கப்பா, என்ன சமையலறை! சுவர் நீளத்துக்கு நீல அலமாரிகள், கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பு, ஜன்னலோரம் அகலமான தொட்டி. அந்த அடுப்பில் மத்தி மீன் வேகுவதும், மேடைமேல் மகள் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுவதும் அப்போதே அவளுக்குக் கண்ணில் தெரிந்தன. கை தானாகக் காதுப் பக்கம் போனது. நல்லவேளை, அங்கே பேனா இல்லை.

"ஐயா, இந்த முகவரியில இவ பதிவு பண்ணலாமா? நீங்க கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" யாஸ்னா கேட்டாள்.

"தருவேன்."

"ஒப்பந்தத்துல அதையும் எழுதுவீங்களா? வாயால சொன்னதெல்லாம் ஆத்தோட போயிடும்."

தெயோலிந்தா அவள் முழங்கையைக் கிள்ளினாள். "அடியே, கோபப்பட்டுடப் போறாருடி. வெளிய எத்தனை பேர் நிக்கறாங்க பாரு!"

"நிக்கட்டும். பொண்ணு உனக்கு வேணுமா வேண்டாமா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. தெயோலிந்தா தொண்டையைச் செருமிக்கொண்டு தானே ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை! சூடேற்றும் செலவு வாடகையில் சேர்ந்ததா, தனியா? கருவி பழுதானால் யார் சரி செய்வது? திடீரென்று வீடு தனக்கு வேண்டும் என்று கேட்பாரா? காலி செய்யும்போது அவளே சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டுமா? நிஜமான சொந்தக்காரர் அவர்தானா? கடைசிக் கேள்விக்கு லூடமானே சிரித்துவிட்டார்.

"என் அப்பா கட்டின வீடும்மா. வேணும்னா அவரைக் கல்லறையில போய்க் கேளு."

ஒப்பந்தத்தை இரண்டு நாள் வைத்துப் படிக்கத் தருகிறேன் என்றார். மறுநாள் கடைசித் துறையில் படகு நின்ற நேரத்தில் இரண்டு பேரும் அதை வரி வரியாகப் படித்தார்கள். இரண்டு அறை, கூடம், குளியலறை, சமையலறை, எல்லாம் இருந்தது. எத்தனை நாள் குடியிருந்தாலும் காலி செய்யும்போது வண்ணம் அடித்தே தீர வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. லூடமானிடம் போய் அந்த வரியை நீக்கச் சொன்னாள் தெயோலிந்தா. அவர் மறுபேச்சில்லாமல் அதன்மேல் கோடு போட்டு அடித்தார்.

"மத்தவங்க எல்லாம் வீட்டைப் பாராட்டிட்டுப் போனாங்க. பாராட்டறவன்தான் சாவி வாங்கினதும் புகார் சொல்லுவான். நீங்க ரெண்டு பேரும் இப்பவே சொல்லித் தொலைச்சிட்டீங்க. வீடு உனக்குத்தான்."

மூன்றாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் தெயோலிந்தா தெருவிலேயே யாஸ்னாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். சைக்கிளில் போனவர்கள் மணியடித்துக்கொண்டே விலகிப் போனார்கள். அன்றைக்கு ராத்திரி போனில் மகளிடம் அந்தச் சமையலறையைப் பற்றிப் பேசினாள் பாருங்கள், அலமாரிக் கைப்பிடியைக்கூட விடவில்லை. "ஓ" என்றது குழந்தை. அந்த ஒரு "ஓ"வை வைத்துக்கொண்டு இவள் ஒரு மாசம் தலைகால் புரியாமல் திரிந்தாள்.

குடிபோகும் சனிக்கிழமை வந்தது. சாவி மத்தியானம்தான் என்று லூடமான் சொல்லியிருந்தார். ஆனால் விமானம் காலையிலேயே வந்துவிட்டது. எர்மீனியா கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள், பெனெடிட்டா முதுகில் சின்னப் பை ஒன்று, இரண்டு நாளைக்குத் தேவையானது மட்டும்.

"மூணாவது வீடு, ம்?" என்றாள் எர்மீனியா. "கூரை இருக்கா?"

"வந்து பாரேன் அக்கா! வாசல்லயாவது நிப்போம். என்னால பொறுக்க முடியல!"

தெருமுனை திரும்பும்போதே தெயோலிந்தாவுக்கு ஏதோ உறுத்தியது. வீட்டு வாசலில் ஒரு வண்டி, பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே நீல அலமாரி! அவளுடைய நீல அலமாரி! மாடிப்படியில் கனமான காலடிச் சத்தம். வாட்டசாட்டமான இரண்டு பேர் கண்ணாடிக் கதவு போட்ட அந்த அடுப்பைச் சுமந்துகொண்டு இறங்கி வந்தார்கள்.

"திருடனுங்க!"

அக்காவின் கையில் தன் பையைத் திணித்துவிட்டுப் படியேறிப் பாய்ந்தாள். படகைக் கட்டி இழுக்கிற கை அல்லவா? அடுப்பின் ஒரு முனையைப் பற்றி இழுத்தாள். முன்னால் வந்தவன், ஹென்னிங் என்று பெயர், தடுமாறிச் சுவரில் சாய்ந்தான்.

"விடுங்கம்மா! என்ன பண்றீங்க?"

"நீ விடுடா! பட்டப்பகல்ல அடுப்பைத் தூக்கிட்டுப் போறியே, வெக்கமா இல்ல? உனக்கெல்லாம் வீட்ல அம்மா இல்லையா?"

"இருக்காங்க, அவங்கதான் இதை வாங்கிக் குடுத்தாங்க!"

"பொய்யி வேற சொல்றியா?"

அடுப்பு நடுப்படியில் இறங்கி நின்றது. கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "சுவத்துல கீறல் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டாள். எர்மீனியா கீழே நின்று மேரி மாதாவைக் கூப்பிட்டாள். ஹென்னிங்கின் தம்பி பின்னாலிருந்து மறுபடி தூக்கப் பார்த்தான்.

அப்போது பெனெடிட்டா படியேறி வந்தாள். ஜெர்மன் மொழியில் ஒரு வார்த்தை அவளுக்குத் தெரியாது. அம்மாவைத் தாண்டிப் போய், எகிறி, அடுப்பின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க அம்மாவோட அடுப்பு!" என்று போர்த்துகீசியத்தில் கத்தினாள். "நான் எறங்க மாட்டேன்! போலீசைக் கூப்புடுங்க!"

தெயோலிந்தா அடுப்பை விட்டுவிட்டாள். அடுப்பு எக்கேடு கெட்டால் என்ன? எங்க அம்மா என்றாளே! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கை அடைத்தது.

லூடமான் சாவியோடும், யாஸ்னா புதுவீட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ரொட்டியும் உப்பும் வைத்த கூடையோடும் வந்து சேர்ந்தபோது நிலவரம் இப்படித்தான் இருந்தது: அடுப்பின்மேல் ஒரு குழந்தை, இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் முழிபிதுங்கி நிற்கும் அண்ணன் தம்பி இரண்டு பேர்.

"ஐயா, கையும் களவுமா பிடிச்சிட்டேன்!" என்று கூவினாள் தெயோலிந்தா.

லூடமான் தலையைச் சொறிந்தார். "யாரை? ஹென்னிங்கையா? இவன் எட்டு வருஷமா இங்க குடியிருந்த பையனாச்சே. இது அவனோட சமையலறைம்மா. காலி பண்றான், கழட்டி எடுத்துட்டுப் போறான். நான் வாடகைக்கு விட்டது அறையை."

"அறையையா? அலமாரி? அடுப்பு? தொட்டி?"

"எல்லாம் அவனோடது. நீ உன்னோடதைக் கொண்டுவந்து மாட்டிக்க வேண்டியதுதான். எங்க ஊர்ல அப்படித்தானே?"

தெயோலிந்தா மெதுவாக யாஸ்னா பக்கம் திரும்பினாள்.

"என்னை ஏன்டி மொறைக்கற?" யாஸ்னா குதித்தாள். "வீடு மாறினா சமையலறையையும் கழட்டிட்டுப் போவாங்க, இது ஊருக்கே தெரியுமே! இதையெல்லாமா ஒருத்தி சொல்லுவா?"

"செவுத்துல இருக்கறத யாராவது கழட்டிட்டுப் போவாங்களாடி? இதையெல்லாமா ஒருத்தி கேப்பா? அப்ப வாசப்படியையும் கழட்டுவீங்களா, கதவையும் கழட்டுவீங்களா?"

"கதவை மட்டும் விட்டுடுவோம்" என்றான் ஹென்னிங், பாவம், ரொம்ப நிஜமாகவே.

யாஸ்னாதான் முதலில் சிரித்தாள். பிறகு லூடமான், பிறகு அண்ணன் தம்பி, கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெயோலிந்தா. விஷயத்தை மகளுக்கு அவள் மொழியில் விளக்கி, அடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள். ஹென்னிங்கிடம் மன்னிப்புக் கேட்டு, பிராயச்சித்தமாக அந்த அடுப்பின் ஒரு முனையைத் தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினாள். அசையாதபடி கயிறும் கட்டிக் கொடுத்தாள். அந்தக் கட்டைப் பார்த்துத் தம்பிக்காரன் விசிலடித்தான்.

சிரிப்பெல்லாம் மாடியேறும் வரைதான். சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். நான்கு சுவர். ஒன்றிலிருந்து மூடி போட்ட இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன, பக்கத்தில் ஒரு மின்சாரக் கம்பி. கையலம்பக்கூடத் தொட்டி இல்லை.

"ஒரு மாசமா இந்தச் சமையலறையைப் பத்தித்தான் பேசினியா?" எர்மீனியா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "மொத வீட்ல குளிரு, ரெண்டாவது வீட்ல முகவரி இல்ல, மூணாவது வீட்ல அடுப்பு இல்ல. உன்னை நம்பி ஒரு கொழந்தைய எப்படிடி விட்டுட்டுப் போறது? பெனெடிட்டா, பையை எடு. ராத்திரி ஓட்டல்ல தங்கிட்டு நாளைக்கு ஞாயித்துக்கிழமை கெளம்பிடலாம்."

பதிவு செய்யலாம் அக்கா, சூடேற்றி வேலை செய்கிறது, ஜன்னல் மூடுகிறது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது என்று சொல்ல நினைத்தாள் தெயோலிந்தா. மகளின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டாள். போகட்டும், இழுத்துப் பிடித்து நிறுத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெனெடிட்டா குழாய் மூடியை ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். பிறகு முதுகுப் பையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள்.

"பெரியம்மா, ஞாயித்துக்கிழமை நீங்க மட்டும் போங்க."

"என்னடி உளர்ற? இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல, அதான் சொல்றேன்" என்றாள் பெனெடிட்டா. "எல்லாத்தையும் கேட்டாங்களாம், அடுப்பை மட்டும் கேக்கலையாம். அடுப்பு வாங்கற கடைக்கு அம்மாவை எப்படிப் பெரியம்மா தனியா அனுப்பறது?"