கோயில் இட்லியோடு நாலு சுற்று

நான் முதன்முதலாக வெளிநாடு போனது ஒரு இட்லிக்குத் துணையாக. இதில் மிகை எதுவும் இல்லை. இட்லி போக வேண்டியிருந்தது; அது தனியாகப் போகாது; வீட்டில் வேலையில்லாமல் இருந்தவன் நான் ஒருத்தன்.

அக்கா துபாயில் இருந்தாள். ஏழாம் மாதம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவம் அங்கேதான். வளைகாப்பு போட அம்மா போகலாம் என்றால் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எனக்கு இருந்தது. சம்பாதிக்கப் போகிறேன் என்று எடுத்து, மூன்று வருடமாக ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவில் கிடந்தது.

போனில் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எதுவும் உள்ள இறங்க மாட்டேங்குதுமா. வரதர் கோயில் இட்லி இருந்தா சாப்ட்ருவேன்."

காஞ்சிபுரத்தில் எங்கள் வரதர் கோயில் இட்லியைப் பார்க்காதவர்களுக்கு: அது தட்டில் நாலாக வருகிற சமாச்சாரம் இல்லை. மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றி வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட மாவை ஊற்றி, மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். முழங்கை நீளத்துக்கு உருளையாக வரும். மடப்பள்ளியில் தெரிந்தவரைப் பிடித்து, வியாழக்கிழமை காலையில் நைவேத்தியம் ஆன கையோடு குடலையோடு வாங்கியாயிற்று. அம்மா அதை வெள்ளைத் துண்டில் கட்டி என் கையில் கொடுத்தாள்.

"மூணு நாள் நிக்கும். வெயில்ல மட்டும் வெச்சிடாதே. புரியுதா?"

"புரியுதுமா."

"இன்னா புரிஞ்சிது?"

"வெயில்ல வெக்கக் கூடாது."

அம்மாவுக்கு நிம்மதி வந்த மாதிரி தெரியவில்லை.

துபாய் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி துண்டை அவிழ்த்துப் பார்த்து, "வாட் இஸ் திஸ்?" என்றார். இந்தக் கேள்வியை எதிர்பார்த்து ஊரிலேயே நாலு வரி ஆங்கிலம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் மூஞ்சியைப் பார்த்ததும் மூன்று வரி போய்விட்டது. "இட்லி, சார்" என்றேன். அவர் பக்கத்தில் நின்ற மலையாள ஊழியரைப் பார்த்தார். ஊழியர் குடலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது இட்டலியோ?" என்றார். தன் வாழ்நாளில் சாப்பிட்டதெல்லாம் வேறு எதுவோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். போகச் சொன்னார்கள்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், ஒரு சின்ன ஓட்டலில் ரிசப்ஷனில் இருந்தார். என்னை ஏற்றிக்கொண்டு நேரே அங்கே போனார். அவருக்கு மதியம் இரண்டு மணி வரை டியூட்டி.

"மச்சான், இங்கியே ஏசில உக்காரு. முடிஞ்சதும் சேந்து வீட்டுக்குப் போலாம்."

"அக்கா சாப்ட்டாச்சா?"

"எங்க? நீ கொண்டார இட்லிய தான் சாப்டுவேன்னு காத்தால இருந்து காபி மட்டும் குடிச்சிக்கினு உக்காந்துகினு இருக்குது."

அப்போது மணி பன்னிரண்டு.

"வீடு எவ்ளோ தூரம் மாமா?"

"முன்னால ஓடுதே கால்வாய், அதுக்கு எதிர்க்கரை. போட்ல ஏறினா அஞ்சு நிமிஷம், அப்புறம் நேரா பத்து நிமிஷம். ஆனா இது ஜூலை மாசம்பா. இந்த நேரத்துல இங்க நாய்கூட நடக்காது."

"மாமா, வைகாசி கருட சேவைல வெறுங்கால்ல நடந்தவன் நான்."

மாமாவும் காஞ்சிபுரம்தான். அந்த கருட சேவையில் நான் பாதி தூரத்தில் மயங்கி விழுந்ததும், மோர்ப்பந்தல்காரர் என் தலையில் ஒரு குடம் மோரை ஊற்றியதும் அவருக்குத் தெரியும். பெரிய மனிதர், சொல்லவில்லை. "பார்மசி ஒண்ணு வரும். பச்சை லைட் எரியும். அதுக்கு மேல நாலாவது மாடி. லிப்ட் ரிப்பேர், படி ஏறிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் கிளம்புவதை அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

ஓட்டல் கதவைத் திறந்ததும், சாயப் பட்டறையில் கொதிக்கிற கொப்பரைமேல் மூஞ்சியை நீட்டிய மாதிரி இருந்தது. எங்கள் ஊர் வெயில் மேலே இருந்து அடிக்கும். இது எல்லாப் பக்கமும் இருந்தது. படகில் ஏறும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. படகுக்காரர் என்னையும் குடலையையும் பார்த்துவிட்டு நிழல் பக்கமாக உட்காரச் சொன்னார். எனக்கு ஊர் பார்க்க வேண்டும். வெயில் பக்கமாக உட்கார்ந்தேன். குடலை என் மடியில் இருந்தது.

எதிர்க்கரையில் இறங்கி நேராக நடந்தேன். வெள்ளிக்கிழமை மதியம். கடையெல்லாம் ஷட்டர் போட்டிருந்தது, தெருவில் ஒரு ஆள் இல்லை. இவ்வளவு பெரிய ஊரை எனக்காகக் காலி பண்ணி வைத்திருந்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று, பச்சை லைட்டைக் காணோம். கேட்கலாம் என்றால் ஆள் இல்லை; போன் பண்ணலாம் என்றால் என் ஊர் சிம் அங்கே எடுக்கவில்லை. திரும்பிப் போகலாம்தான். ஆனால் மாமாவிடம் கருட சேவையைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஊர் தெரியாத இடத்தில் என்ன செய்வது என்று எனக்கு ஒரு முறை தெரியும். எங்கள் வீடு பெரிய காஞ்சிபுரத்தில் ராஜ வீதிப் பக்கம். அங்கே கோயிலைச் சுற்றி நாலு வீதி. வலது தோளைக் கோயில் பக்கம் வைத்துக்கொண்டு, முனை வந்தால் வலது பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடலாம். சாமியே அப்படித்தான் போய்விட்டு வருகிறது. குழந்தையிலிருந்து நான் தொலைந்து போகாததற்கு இதுதான் காரணம். ஆகவே, கண்ணில் பட்ட ஒரு பெரிய கட்டடத்தை வலது பக்கம் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

முறை வேலை செய்தது. நாலு திருப்பத்தில் புறப்பட்ட இடத்துக்கே வந்தேன். எனக்குச் சந்தோஷம். இரண்டாவது சுற்றும் அப்படியே. தலை சுட்டதால் குடலையை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டேன். நல்ல நிழல் கிடைத்தது. மூன்றாவது சுற்றில்தான், இந்த முறையில் தொலைந்து போகவும் முடியாது, எங்கேயும் போய்ச் சேரவும் முடியாது என்று லேசாக உறைத்தது. நாலாவது சுற்றில், தலைமேல் என்ன இருக்கிறது என்பது உறைத்தது. இறக்கி முகர்ந்து பார்த்தேன். மிளகு வாசனையோடு வேறு ஒரு வாசனையும் வந்தது. அக்கா மேலே எங்கேயோ வெறும் காபியோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போது கட்டடத்து நிழலிலிருந்து வாட்ச்மேன் எழுந்து வந்தார். "ஏமி நாயனா" என்றார். எங்கள் தெருவில் பாதிப்பேர் தெலுங்கு பேசும் நெசவுக்காரர்கள்; தெலுங்கில் எனக்குச் சாப்பிடவும் திட்டவும் நன்றாக வரும். அதை வைத்துக்கொண்டு பேசினோம். அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி:

"எந்த சாமிக்குப்பா சுத்தறே? இங்க கோயில் கிடையாதே."

"வீட்டைத் தேடறேன். பச்சை லைட் போட்ட பார்மசி."

அவர் எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். ஷட்டர் இறக்கிய கடை. வெள்ளிக்கிழமை லீவு, லைட் போடவில்லை. அதைத் தொட்டுக்கொண்டு நாலு தடவை போயிருக்கிறேன்.

"முதல் சுத்துலயே சொல்லியிருக்கலாமே?"

"வேண்டுதலா இருக்கும்னு நெனச்சேன். நடுவுல பேசக் கூடாதில்ல" என்றார். பிறகு மேலே காட்டினார். நாலாவது மாடியில், திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள் என் அக்கா. வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் நல்லது என்று பட்டது.

படி ஏறி முடித்ததும் கேட்டது.

"டேய், அறிவிருக்குதா உனக்கு? நாலு தடவ! நானும் தட்டறேன், தட்டறேன், தலைல கூடைய வெச்சிக்கினு நீ பாட்டுக்குப் போய்க்கினே இருக்கிற! கரகமா ஆடறே?"

பிறகுதான் வாடா என்றாள், தண்ணீர் கொடுத்தாள். நான் குடலையை நீட்டினேன்.

"அக்கா, கெட்டுப் போயிருக்கும்னு நெனைக்கிறேன்."

அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து துண்டை அவிழ்த்தாள். இலை கறுத்திருந்தது. மேல்பக்கம் பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தியை எடுத்து நாலு பக்கமும் தடிமனாகச் சீவித் தள்ளினாள். நடுவில் கை அகலத்துக்கு வெள்ளையாக வந்தது. முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். ஓரத்தில் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். ஒரு மிளகு கடிபடுகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறக்காமலே அடுத்த துண்டுக்குக் கை போயிற்று.

பாதி சாப்பிடும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இட்லி வந்துச்சாமா? எப்டி இருக்குது?"

அக்கா வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். என் மானம் மொத்தமும் அந்தப் பார்வையில் தொங்கியது.

"சூடா இருக்குதுமா" என்றாள்.

நேற்றுக் காலையில் செய்த இட்லி எப்படிச் சூடாக இருக்கும் என்று அம்மா யோசித்திருப்பாள்.

"அவன் கைல போனைக் குடு" என்றாள்.

அக்கா சீவித் தள்ளியதை ஒரு தட்டில் போட்டு என் பக்கம் நகர்த்திவிட்டு, போனை நீட்டினாள்.