தலைப்பை மட்டும் படித்த வீடு

ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒருநாள் பாட்டில் மாறி, கை கழுவுவது என்று நினைத்து, கக்கூஸ் கழுவும் அமிலத்தைக் கையில் ஊற்றிக்கொள்ளப் போனாள். மறுநாள் காலையில் ஒவ்வொரு பாட்டிலிலும் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. "தரைக்கு மட்டும்." "கையில் படக் கூடாது." ஒட்டியது யார் என்பதைக் கையெழுத்துதான் காட்டிக்கொடுத்தது.

அது தலைப்பம்மாவின் கையெழுத்து. ஆஸ்பத்திரி வலைப்பதிவில் டாக்டர்கள் எழுதுவதற்குத் தலைப்பு வைப்பது அவர் வேலை. வெளியிடும் முன் தலைப்பை மட்டும் அக்காவுக்குப் படித்துக்காட்டி, "உள்ள என்ன இருக்கும், சொல்லுங்கக்கா" என்பார். அக்கா வேறெதையாவது சொன்னால் உடனே அடித்துவிட்டு மாற்றுவார்.

ஒருநாள் மேனேஜர் எல்லார் முன்னாலும் சிரித்தார். "உங்க தலைப்பெல்லாம் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு. ஆளை இழுக்க வேணாமா?"

அன்று, மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலுக்கு டாக்டரிடம் வரச் சொன்ன ஒரு பதிவுக்குத் தலைப்பம்மா எழுதியது: "குழந்தைக்குக் காய்ச்சலா? கவலையை விடுங்க!"

அப்படியானால் டாக்டரிடம் போக வேண்டியதில்லை போல, என்றுதான் அக்காவுக்குத் தோன்றியது. ஆனால் வாடிப்போயிருந்த அந்த முகத்தைப் பார்த்து, "ரொம்ப நல்லாயிருக்கும்மா, போட்டுடுங்க" என்றுவிட்டாள்.

நாலாம் நாள் மத்தியானம் பதிவுக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள். தலைப்பம்மா அதை அக்காவுக்குப் படித்துக்காட்டினார்: "பிள்ளையோட சித்தி எழுதுறேன். உங்க தலைப்பைப் பார்த்து தைரியமா வீட்லயே வச்சிருந்தோம். இப்ப வலிப்பு வந்து, வேற ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்."

அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்தாள். "எனக்கு அன்னிக்கே தப்பாத்தான் தோணுச்சும்மா. நீங்க வருத்தமா இருந்தீங்களேன்னு…"

தலைப்பம்மா ஏசவில்லை. உடனே தலைப்பை மாற்றினார்: "குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சலா? இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்." பிறகு சித்திக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அக்கா, "கடவுளே, தப்பு என்னுது. அந்தப் பிள்ளையை விட்டுடு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். எங்கோ போன் அடித்தாலும் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

பொழுது சாயும்போது சித்தியிடமிருந்து பதில் வந்தது. "கண்ணைத் திறந்துட்டான். தண்ணி கேட்டான்."

அக்கா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு தலைப்பையும் கேட்கவே அவளுக்குப் பயமாக இருக்கும். ஆனாலும் தோன்றியதைச் சொல்லிவிடுவாள். வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து தலைப்பம்மா கிளம்பிய அன்று, அக்கா வாசல்வரை பையைத் தூக்கிவந்தாள். தலைப்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"புதுசா வர்றவங்க, நல்லாயிருக்கான்னு கேட்டா பதிலே சொல்லாதீங்கக்கா. உள்ள என்ன இருக்கும்னு உங்களுக்குத் தோணுதோ, அதை மட்டும் சொல்லுங்க. அவங்க முகத்தைப் பார்க்காம சொல்லுங்க."