தன் எடைக்குக் குறையாத ஓர் ஆள்

நெருப்பை அணைக்க என்ன வேண்டும் என்று கேட்டால் தண்ணீர் என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், யுத்த காலத்தில் எங்கள் திருத்தணிக்கு அந்த டைப் அடித்த காகிதம் வந்து சேரும்வரை. நெருப்பை அணைக்கிறவனுக்கு ஏழு தகுதிகள் வேண்டுமாம். தண்ணீர் ஆறாவதாகத்தான் வந்தது.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் சட்டி பானையோடு ரயிலேறி வந்து எங்கள் ஊர்ச் சத்திரங்களை நிரப்பியிருந்த நேரம் அது. பட்டணத்தில் விழவேண்டிய குண்டு கை தவறி இங்கே விழுந்தால் என்ன செய்வது என்று மேலிடத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் நெருப்புத் தொண்டர் படை அமைக்கும்படி உத்தரவு.

"முருகன் மலை மேலயே நின்னுகினு பாத்துகினு இருக்காரு. அவன் எப்பிடிங்க போட்டுடுவான்?" என்று பூக்கடைக்காரர் கேட்டார். அதற்குக் காகிதத்தில் பதில் இல்லை.

நான் வாடகைக்கு கேஸ் லைட்டு விடுகிற கடை வைத்திருந்தேன். மண்ணெண்ணெய் கிடைக்காமல் லைட்டெல்லாம் பரண் ஏறியாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இல்லை, லைட்டுப் பெட்டிகளின் மேல் ஒட்டியிருந்ததை எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கற்றது. வேலையும் இல்லாத, இங்கிலீஷும் தெரிந்த ஆள் ஊரில் நான் ஒருவன்தான் என்று பஞ்சாயத்து போர்டில் கண்டுபிடித்து, காகிதத்தை என் கையில் கொடுத்து எல்லோருக்கும் படித்துச் சொல்லச் சொன்னார்கள். அதனால் ஊருக்கு முன்னாலேயே என் வீட்டில் படித்துக் காட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

வீட்டில் அப்போது அக்கா, அக்கா புருஷன், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். தெலுங்கு கலந்த குடும்பம் எங்களுடையது, அவரை பாவா என்றுதான் கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்தில் தறி நெய்தவர். யுத்தத்தில் நூல் வரத்து நின்றது, தறி நின்றது. ஆறு மாதம் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு என்னிடம் வந்துவிட்டார். மச்சான் வீட்டுச் சோறு அவருக்கு முள்ளாகத்தான் இறங்கியது. இரண்டாம் தடவை போட வந்தால் தட்டைக் கையால் மூடிக்கொள்வார். அவர் ஊர்க்காரர்கள் பத்துப் பேர் பம்பாய் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் போறேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டார். முன்னே போனவர்கள் இரண்டு பேர். ஒருத்தரிடமிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது. இன்னொருத்தரிடமிருந்து அதுவும் இல்லை. அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

காகிதத்தின் கடைசி வரியில், தேறுகிறவர்களுக்கு அரக்கோணம் ரயில் யார்டில் நெருப்புக் காவல் வேலை கிடைக்க முன்னுரிமை உண்டு என்று போட்டிருந்தது.

"திருப்பிப் படி," என்றாள் அக்கா. படித்தேன். "இன்னொரு தபா." படித்தேன்.

"அரக்கோணம் இன்னா சீமையா? காலைல போனா சாயந்தரம் வந்துடலாம்," என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். பாவாவிடம் சொல்லவேண்டியதை அவள் அடுப்பிடம்தான் சொல்வாள். மறுநாள் படையில் சேர்ந்த பதிமூன்று பேரில் பாவாவும் இருந்தார், நானும் இருந்தேன்.

பயிற்சி கொடுக்கப் பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், அரை நிஜார், கழுத்தில் விசில். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் எதிரில் புத்தகம் விரித்து வைத்திருக்கிற மாதிரி பேசுவார்.

இரண்டு வாளித் தண்ணீர் தளும்பாமல் படியேற வேண்டும் என்றார். வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிற ஊரில் இதெல்லாம் ஒரு பரீட்சையா? ஒருத்தருக்கும் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆனால் படிக்குப் படி அரோகரா.

"சத்தம் போடக்கூடாது. மூச்சு வீணாகும்," என்றார் அதிகாரி.

"சார், எங்களுக்கு மூச்சே அதுலதான் கீது," என்றார் மாட்டுவண்டிக்காரர்.

பூட்ஸோடு ஏறவேண்டும் என்றார். மலைப்படியில் பூட்ஸா? கழற்றிக் கயிற்றால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினார்கள். "பூட்ஸ் அணிந்திருந்தனர்" என்று அவர் குறித்துக்கொண்டார். அணிந்த இடத்தைக் குறிக்கவில்லை. நல்ல மனிதர்.

பாவாவுக்கு மட்டும் மார்பளவில் சிக்கல். டேப்பு இரண்டு விரற்கடை குறைந்தது. தறிக்குழியில் உட்கார்ந்து வளர்ந்தவருக்கு வலு காலில் இருக்குமே தவிர நெஞ்சு எங்கே விரியும்? அதிகாரி யோசித்து, "கடைசித் தகுதியில் தேறினால் இதை விட்டுவிடலாம்," என்றார். கடைசித் தகுதி என்னவென்று நான்தான் படித்துச் சொன்னேன். புகையில் நினைவிழந்து விழுந்தவராக ஒருவர் மாடியில் கிடக்க, தன் எடைக்குக் குறையாத அந்த ஆளைத் தோளில் போட்டு இறக்கி, கோடு போட்ட இடம்வரை ஓடவேண்டும். விசில் ஊதும்வரை கிடப்பவர் கண் திறக்கக்கூடாது, கூப்பிட்டால் பதில் சொல்லக்கூடாது, கையைக் காலை அசைக்கக்கூடாது.

"சரி, யாராவது ஒருவர் படுங்கள்," என்றார் அதிகாரி.

பதிமூன்று பேரும் பயிற்சி நடந்த சத்திரத்துச் சுவரைப் பார்த்தோம்.

உயிரோடு இருக்கிறவன் கண்ணை மூடிக் கையைத் தளர விட்டுக் கிடப்பது, அவனை இன்னொருத்தன் தூக்கிக்கொண்டு தெருவில் போவது. இதை எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? "நான் தூக்கறேங்க, எத்தினி பேர வேணா தூக்கறேன்," என்றார் மாட்டுவண்டிக்காரர். பதிமூன்று பேரும் தூக்கத் தயார். படுக்கத்தான் ஆள் இல்லை. பூக்கடைக்காரர் கொஞ்சம் தைரியம் பண்ணி, "தலைய எந்தப் பக்கம் வெக்கணும்?" என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் அவர் மனைவி வாசலில் நின்று, "படுத்துப் பாரு, அப்பறம் ஊட்டுப் பக்கம் வந்து பாரு," என்றாள்.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் படையில் இருந்தார். "எங்களுக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் இல்லை, நான் படுக்கிறேன்," என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அவர் வீட்டம்மா ஜெபக் கூட்டத்திலிருந்து நேரே வந்தார். "கர்த்தர் எழுப்புவார்னு எனக்கும் தெரியுங்க. அதுக்குன்னு நீங்களா போயி மொதல்ல படுக்கணுமா?" வாத்தியார் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

நெல் மூட்டையைத் தூக்குகிறோம் என்றோம். மூட்டைக்குக் கை கால் இல்லை, தளர்வு தெரியாது என்றார் அதிகாரி. வைக்கோலில் ஓர் ஆள் செய்து சட்டை மாட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். ஊரை விட்டுப் போய்த் திரும்பாமலே போனவனுக்குத்தான் உருவம் செய்து காரியம் பண்ணுவது எங்கள் பக்கத்து வழக்கம். தண்ணீர் கொண்டுவந்திருந்த அக்கா அந்தப் பேச்சைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாளைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் ஒருவரும் தேறவில்லை என்று எழுதிவிட்டுப் போவேன்," என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் பாவா தன் துணிகளைத் தனியாக எடுத்து மடித்து வைத்தார். அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்பிடம் பேசவில்லை, நேரே என்னிடம் வந்தாள்.

"தம்பி, படுக்கறது ஆம்பளையாத்தான் இருக்கணும்னு போட்டிருக்கா?"

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஆள் என்றுதான் இருந்தது.

"அப்ப நான் படுக்கறேன்."

தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். அக்கா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "ஆம்பள படுத்தா அவன் பொண்டாட்டி தாலிக்கு ஆவாது. நான் படுத்தா இன்னா? பூவும் பொட்டுமா போவேன். அது வேணும்னுதானே நீங்கல்லாம் கிர்த்திகைக்கு கிர்த்திகை படியேறிகினு இருக்கீங்க?"

பூக்கடைக்காரர் மனைவி, "குடுத்து வெச்சவ," என்று முணுமுணுத்தாள்.

பதில் சொல்லவேண்டியவர் பாவா. "நாலு பேர் பாக்கப் பொண்டாட்டியத் தூக்கிகினு தெருவுல ஓடறதா? அதுக்கு நெருப்புலயே வுழுந்துடறேன்."

"அதுக்கும் சர்ட்டிபிகேட் கேக்கறாங்க பாவா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அக்கா அவருக்கு எதிரில் போய் நின்றாள். அடுப்பு கொல்லையில் இருந்தது, அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "பம்பாய்க்குப் போறதுன்னா என்னத் தூக்கி எறிஞ்சுட்டுத்தானே போவணும்? தூக்கறதுதானே, இங்கயே தூக்குங்க."

மறுநாள் காலையில் முதலில் எடை பார்க்க வேண்டியிருந்தது. நெல் மண்டித் தராசில் ஒரு தட்டில் பாவாவும் மறு தட்டில் அக்காவும் உட்கார்ந்தார்கள். அக்காவின் தட்டு தரையில் பதிந்தது. பாவா மேலே போய்ச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். மண்டியே சிரித்தது.

"மச்சான் ஊட்டு சோறு ஒர்த்தருக்குத்தான் ஒட்டுது போல," என்று மாட்டுவண்டிக்காரர் சொன்னார்.

"குறைந்தால்தான் தவறு. கூடுதலாக இருக்கலாம்," என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

சத்திரத்து மாடியில் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தாள். நான் காகிதத்தை இன்னொரு தடவை படித்துக் காட்டினேன். விசில் வரைக்கும் கண் திறக்கக்கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னேன். "ஆங், ஆங், போ," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பாவா தூக்கினார். மாடிப்படியில் அவர் கால் ஒவ்வொன்றாக இறங்குவதைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் அக்காவின் தலையும் கைகளும் தொங்கின, பூ அவிழ்ந்து ஒரு படியில் விழுந்தது. தெருவுக்கு வந்தார், ஓட ஆரம்பித்தார். அப்போதுதான் அக்காவின் சின்னப் பிள்ளை பார்த்தது, மூன்று வயது. அதைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தோம், எப்படியோ வந்துவிட்டது. "அம்மா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தது. தொங்குகிற கையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது, விழுந்தது, எழுந்து மறுபடி ஓடியது.

பதில் சொன்னால் போயிற்று. கையை அசைத்தால் போயிற்று. அக்காவின் விரல்கூட அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனிலிருந்து மலைக்குப் போகிற யாத்ரிகர் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. அவர்களுக்கு யுத்தமும் தெரியாது, தகுதியும் தெரியாது. தொங்குகிற பொம்பளை, ஓடுகிற புருஷன், அழுகிற பிள்ளை. ஒரு வயசான அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயோ, மஞ்ச மங்கலியே, பொட்டு கலையலியே," என்று ஒப்பாரி எடுத்துவிட்டாள். எங்கள் தெருப் பெண்கள் எல்லாம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் ஒருத்தி ஆரம்பித்தால் சும்மா இருக்க முடியுமா? எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

பாவா கோட்டைத் தாண்டி அக்காவைக் கீழே கிடத்தினார். சின்னது அவள் மேல் விழுந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை.

"இந்தா," என்றார் பாவா. அசைவில்லை. "இந்தா, ஏந்திரு." அசைவில்லை. கல்யாணமான நாளாக அவர் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நடுத்தெருவில் மூன்று தடவை பெயர் சொல்லிக் கத்தினார். மூன்றாவது தடவை அவர் குரல் உடைந்துபோயிற்று.

கண்ணை மூடியபடியே, உதடு அசைந்தும் அசையாமலும் அக்கா கேட்டாள்: "விசிலு ஊதிட்டாரா?"

எல்லோரும் அதிகாரியைப் பார்த்தோம். விசில் கழுத்தில்தான் இருந்தது. அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு நினைவு வந்து ஊதினார். அக்கா எழுந்து முதலில் பிள்ளையை வாரி எடுத்தாள், அப்புறம்தான் தலையை முடிந்தாள்.

கடைசியில் கேட்டது பதிலில் சேருமா என்று அதிகாரி காகிதத்தை வெகுநேரம் புரட்டினார். கேள்வி பதில் ஆகாது என்று முடிவு செய்தார். பாவா தேறினார்.

வழி தெரிந்துவிட்டதல்லவா? மத்தியானத்துக்குள் ஏழு பேர் பெண்டாட்டிகளோடு வந்து நின்றார்கள். தராசும் சளைக்காமல் வேலை செய்தது. ஏழு பேரும் தேறினார்கள். மிச்சம் ஐந்து பேர் தேறவில்லை. எங்களிடம் பலத்துக்குக் குறைவில்லை, கல்யாணம்தான் ஆகவில்லை. ஏழு தகுதிகளையும் ஊருக்கே படித்துச் சொன்ன நான் எட்டாவதில் போனேன். தேசப் பாதுகாப்பில் இவ்வூர்ப் பெண்களின் ஒத்துழைப்பு பிற ஊர்களுக்கு முன்மாதிரி என்று அதிகாரி அறிக்கை எழுதியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அரக்கோணத்து உத்தரவு ஒரு புதன்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை பம்பாய்க்காரர்கள் ரயிலேறினார்கள். அந்த ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று பாவா ஸ்டேஷனுக்குப் போனார்.

ரயில் ஊதிக்கொண்டு போனது வீட்டிலேயே கேட்டது. அக்கா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், புடைக்கவில்லை. உத்தரவைப் பெட்டியிலிருந்து எடுத்து அவளிடம் காட்டினேன், பத்திரமாக இருக்கிறது பார் என்று.

"காயிதம் இங்க கீது. ஆளு அங்கதானே கீறாரு," என்றாள்.

வெகுநேரம் கழித்து வாசலில் செருப்புச் சத்தம். பாவா வந்து காலைக் கழுவிக்கொண்டார்.

"ஏறிட்டாங்களா?" என்று கேட்டாள் அக்கா.

"ஏறிட்டாங்க. சாப்பாடு ஆச்சா?"

"இப்பத்தான் ஒல வெக்கப் போறேன்," என்று எழுந்தாள்.