சாம்பவியின் நீற்றுப்பூசணி

கொழும்பு வெள்ளவத்தையில் அந்தத் தொடர்மாடியின் மொட்டைமாடிக்கு விடியுமுன் ஏறுகிற ஒரே மனுஷி நாகேஸ்வரி. அங்கே ஒரு நீற்றுப்பூசணிக் கொடி இருந்தது. டெங்குக் காய்ச்சலில் போன மகள் சாம்பவி, விவசாயம் படித்த நாட்களில் எங்கோ தேடிக் கொண்டுவந்த பழைய இனம். தேங்காயை விடச் சற்றுப் பெரிதாய், உருண்டையாய்க் காய்க்கும். மகள் காயவைத்துச் சேர்த்த விதைகள் கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப்போயின. மிஞ்சியவற்றில் முளைத்தது ஒன்றே ஒன்று. அதுவும் விதை தராமற் போனால் சாம்பவி விட்டுப்போன கடைசி உயிரும் போய்விடும்.

பக்கத்து மாடியில் ரபீக்காவின் நீட்டுப்பூசணி பூத்திருந்தது. அதன் மகரந்தம் கலந்துவிடாதிருக்க, நாகேஸ்வரி மாலையிலேயே பெண்மொட்டை நூலால் கட்டிவைப்பாள். காலையில் அவிழ்த்து, தன் கொடியின் ஆண்பூவைத் தடவி, மறுபடி கட்டுவாள்.

"பூவுக்கு நிக்காஹ் முடிச்சி வெக்கிறீங்க. சாப்பாடு எப்ப அக்கா?" என்பாள் ரபீக்கா. மகள் போனபின் நாகேஸ்வரி சிரித்தது அந்த ஒரு பேச்சுக்குத்தான்.

ஒரேயொரு காய் பிடித்தது. அதில் நீறு பூக்கத் தொடங்கியிருந்தது. காம்பு காய்ந்தபின்தான் பறிக்கவேண்டும்; அதற்கு முன் விதை முற்றாது.

அந்த வெள்ளிக்கிழமை மகன் சுகிர்தன் முதன்முதலாகக் கார் வாங்கி வந்தான். நாகேஸ்வரி கோயிலிலிருந்து திரும்பியபோது, வாசலில் காருக்குக் கண்ணூறு கழித்து உடைத்த பூசணி குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. சின்னதாய் வளைந்த அந்தத் துண்டுகளைப் பார்த்ததுமே அது சாம்பவியின் காய் என்று தெரிந்துவிட்டது.

கணவர் கிருபாகரன் சிவந்த கையோடு நின்றார்.

"தம்பியை அக்காதானே காப்பாத்தவேணும் எண்டு நினைச்சனான். விதை உள்ளதானே இருக்கு, பொறுக்கலாம் எண்டு..."

ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர், மற்றப் பிள்ளைக்காகச் செய்தது. அவரை எந்த வாயால் ஏசுவாள்?

தெருவிலேயே குந்தியிருந்து விதைகளைப் பொறுக்கினாள். ஒன்றை நகத்தால் அழுத்தினாள். உள்ளே பருப்பில்லை, வெறும் தண்ணீர். அடுத்ததும் அப்படித்தான். மேலே கொடியும் மழையில் அழுகத் தொடங்கியிருந்தது. இனி ஒரு பெண்பூ வராது.

அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"முளைக்குமே, நாகேஸ்?"

அந்தக் கண்களைப் பார்க்க அவளால் முடியவில்லை.

"ஓம்" என்றாள். "முளைக்கும்."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வெற்றுத் தோல்களை ஒவ்வொன்றாக மாடித் தொட்டி மண்ணில் புதைத்தாள்.