உரசிப் பார்த்த வெள்ளி

என் மாமனார் தன் ரெண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு வெள்ளிக் கட்டி கொடுத்தார். கால் கிலோ, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியது. மூத்தவள் என் மனைவி. இளையவளைக் கட்டியவர், அதாவது என் சகலை, சேத்துப்பட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மாமனாரும் நானும் தறிக்காரர்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ரெண்டு கட்டியையும் கொண்டுவந்து தன் தறிக்கு முன்னால் ஒரே தட்டில் வைக்க வேண்டும் என்பது மாமனாரின் ஆசை.

அந்த ஆசைதான் எனக்கு வினையாகப் போனது. முதல் வருஷம் தட்டில் வைத்தபோது சகலையின் கட்டி பளபளவென்று இருந்தது. என்னுடையது கறுத்துப்போய், குறுக்கே ரெண்டு கோடு இன்னும் கறுப்பாக, பார்டர் போட்டமாதிரி இருந்தது.

"இன்னா சகல, இட்லி குண்டான்ல வச்சிருந்தீங்களா?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். மாமனாரும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கேஸை மூடினோமா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள். எங்கள் ஊர் சேவூர் வருவதற்குள் மனசு எங்கெங்கோ போய்விட்டது. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நல்லதையும் எனக்கு மட்டத்தையும் கொடுத்துவிட்டாரோ? எங்கள் தொழிலில் கறுத்த ஜரிகை என்றால் புடவை திரும்பி வந்துவிடும். கறுப்பு என்றாலே கலப்படம் என்று பழகிய கண் இது.

பஜாரில் ஒரு வெள்ளிக் கடையில் காட்டினேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எதுல சுத்தி வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். ஜரிகைப் பெட்டியில், துணியில் சுற்றி ரெண்டு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன்.

"ரப்பர் பட்டா கறுக்கத்தாங்க செய்யும். கொலுசுன்னா மெருகு போட்டுத் தருவேன். கட்டிய யாரும் தேய்க்க மாட்டாங்க. கீறல் வுழும், முத்திரை தேயும். அப்படியே வுட்டுடுங்க."

"அப்போ இன்னொருத்தர் வீட்டுது மட்டும் வெள்ளையா இருக்குதே?"

"கவர் பிரிச்சிருக்க மாட்டாங்க."

உண்மைதான். சகலை கட்டியைக் கம்பெனி கவரோடுதான் வைத்திருந்தார். நான்தான் மஞ்சள் குங்குமம் வைக்கிறேன் என்று வாங்கிய அன்றே பிரித்தேன். காரணம் தெரிந்தும் மனசு ஆறவில்லை. அந்தக் கவர்மேலும் பொறாமை வந்தது.

ஒருநாள் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். ஜரிகையில் சந்தேகம் வந்தால் நாங்கள் செய்வதைத்தான் செய்தேன். மட்டச் சரக்கு என்றால் உரசினதும் செம்பு பல்லிளிக்கும். கட்டியின் ஒரு மூலையைத் தறிக்குழியின் சிமெண்ட் விளிம்பில் வைத்து நாலு இழுப்பு இழுத்தேன். உள்ளேயும் வெள்ளைதான். சுத்த வெள்ளி. சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை. உள்ளே வெள்ளையாக இருந்து என்ன, தட்டில் கறுப்பாகத்தானே தெரியும்?

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்தேன்.

"கடக்காரர் வேணான்னாருன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி வூட்டுது மட்டும் மின்னணுமா?"

"அடப்பாவமே, இன்னுமா அத நெனச்சிகினு இருக்கீங்க?"

தேய்க்கத் தேய்க்கக் கட்டி மின்னியது. முத்திரையின் ஓரம் கொஞ்சம் மழுங்கியதைக் கவனித்தும் நிறுத்தவில்லை.

மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தட்டில் வைத்தேன். பிறகு சகலை தன் கட்டியை எடுத்தார். கறுப்பு. போன பூஜையில் பொட்டு வைக்க மாமியார் கவரைக் கத்தரித்துவிட்டதால் வருஷத்துக்குள் கறுத்திருக்கிறது.

"தேய்க்கலாம்னுதான் பாத்தேன் மாமா. கடைல கேட்டேன், வேணாம்னுட்டாங்க. அதுபாட்டுக்கு இருக்கட்டும், வெள்ளிக்கு ஒண்ணும் ஆவாதாம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு அவருடைய கறுப்பின்மேல் பொறாமையாக இருந்தது.

மாமனார் என் கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். அவர் கட்டைவிரல் அந்த மூலைக்கு வந்ததும் நின்றது. கறுப்பு இருந்திருந்தால் உரசின தடத்தை மூடியிருக்கும். நானே தேய்த்து வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டேன்.

"ஒரசிப் பாத்தீங்களா மாப்ள?"

"தேய்ச்சா கீறல் வுழும் மாமா," என்று சகலை எனக்காகப் பரிந்து பேசினார். அவர் தறிக்காரர் இல்லை. அது தேய்த்த கீறல் இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை.

"வெள்ளையா இருந்துதா?" என்றார் மாமனார், என்னைப் பார்த்தே.

"இருந்துது மாமா."

கட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

வண்டியில் திரும்பும்போது மனைவி பின்னாலிருந்து சொன்னாள்: "குடுத்த அன்னிக்கி ரெண்டையும் தட்டுல வச்சி, எங்கப்பா என்னத்தான் மொதல்ல எடுத்துக்கச் சொன்னாரு. அது உங்களுக்குத் தெரியாது இல்ல?"

தெரியாது. வண்டியை ஓட்டினேன்.

இந்த வருஷம் பூஜைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறது. கறுக்கட்டும் என்று கட்டியைத் துணியில் சுற்றாமல் வைத்திருக்கிறேன். ரப்பர் பேண்டை அந்த மூலையில் மட்டும் நாலு சுற்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் எடுத்துப் பார்க்கிறேன். கறுத்துக்கொண்டுதான் வருகிறது. சகலையுடையது இந்நேரம் எவ்வளவு கறுத்திருக்குமோ.